பௌலிங் கிரீனில் முதல் அறுபது அடி

நாஷ்வில்லிலிருந்து 65-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் பௌலிங் கிரீன் வந்துவிடும். டென்னசி முடிந்து கென்டக்கி தொடங்கியதும் நிலம் மாறுகிறது. கறுப்புச் சாயம் பூசிய புகையிலைக் கொட்டகைகள், சோளக்காடுகள், ஆங்காங்கே நடுவில் குழிந்து இறங்கும் மேய்ச்சல் வெளிகள். அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்துக் குகைகளாக்கியிருக்கிறது. உலகிலேயே நீளமான மாமத் குகை இங்கிருந்து அரை மணி தூரம்தான். இதுவரை அளந்த நீளமே 680 கிலோமீட்டருக்கு மேல்.

1981 முதல் செவர்லே கார்வெட் கார்கள் உருவாவதும் இந்த ஊரில்தான். 1994-இல் திறந்த தேசிய கார்வெட் அருங்காட்சியகம் தொழிற்சாலைக்கு அருகிலேயே இருக்கிறது. 2014 பிப்ரவரி 12 அதிகாலையில் அதன் தரை உள்வாங்கி எட்டு கார்வெட்டுகள் குழிக்குள் விழுந்தன. நல்லவேளையாக ஆட்கள் யாரும் இல்லை. மூன்று கார்களைப் பழுதுபார்த்து எடுத்தார்கள். மற்ற ஐந்தையும் நசுங்கிய கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் கூடி நிற்கிறார்கள். நான் கார்வெட்டின் அடிப்பகுதியைத் தேடிப் போனேன். 1963 முதல் 2019 வரை வந்த கார்வெட்டுகளின் பின்பக்கத்தைத் தாங்கியது குறுக்காகக் கிடக்கும் ஒரு லீஃப் ஸ்பிரிங். 1997-க்குப் பிந்தைய கார்களில் அந்த ஸ்பிரிங்கின் ஒவ்வொரு முனையிலும் ஒரு நீண்ட போல்ட் உண்டு. அதைத் திருகினால் போதும், புது ஸ்பிரிங் வாங்காமலே கார் தரையை நோக்கி இறங்கிவிடும். அமெரிக்காவில் இப்படி இறக்கிய கார்வெட்டுகள் எண்ணற்றவை. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பின் சக்கரங்களின் தலை உட்பக்கம் சாய்ந்துவிடும்; அகலமான டயரின் உள்விளிம்புதான் தரையில் அழுந்தும். வளைவில் இந்தச் சாய்வு உதவும். நேர்கோட்டில் சீறிக் கிளம்ப வேண்டிய காருக்கு அதே சாய்வு பிடிமானத்தைத் தின்றுவிடும். சக்கரச் சாய்வைத் திரும்பச் சரிசெய்யாமல் போல்ட்டை மட்டும் திருகுவது பாதி வேலை.

தாழ்த்திய காருக்கும் நேர்கோட்டில் ஓடும் டிராக் பந்தயத்துக்கும் ஒத்துவராது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது சரிதானா என்று பார்க்கத்தான் பேரன் (Barren) என்னும் ஆற்றின் கரையில் உள்ள பீச் பெண்ட் பந்தயத் திடலுக்கு வந்தேன். நகரத்திலிருந்து சில நிமிடம். ஒரு பக்கம் கேளிக்கைப் பூங்கா. அதன் மர ரோலர் கோஸ்டர் சரிவில் இறங்கும்போது எழும் கூச்சல் பந்தயக்காரர்கள் வண்டி நிறுத்தும் இடம்வரை கேட்கிறது. அந்த இடம் முழுக்கப் பெரிய மரங்களின் நிழல். பந்தயத் திடல் என்றால் வெயிலில் காயும் தார்வெளி என்று நினைத்திருந்த எனக்கு அந்த நிழல் பெரிய ஆறுதல். வாசலுக்கு வெளியே ஒரு கடையில் பன்றித் தோள்கறியை மெல்லிய வில்லைகளாக அறுத்து, நெருப்பில் வாட்டி, மிளகும் வினிகரும் கலந்த காரச் சாற்றில் முக்கித் தருகிறார்கள். இந்த வட்டாரத்துக்கே உரிய சமையல். நல்ல காரம்.

அன்று போட்டி இல்லை, சோதனை ஓட்ட நாள். கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, பரிசோதகரிடம் காரைக் காட்டி அனுமதி பெற்றால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். தூரம் கால் மைல், 402 மீட்டர். தொடக்கக் கோட்டருகே நடந்தபோது செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஓட்டங்களுக்கு முன் தரைமீது பிசின் போன்ற திரவத்தைத் தெளித்து, பழைய டயர்களை இழுத்து ரப்பரைத் தேய்த்துப் படிய வைக்கிறார்கள். காலைக் குளிரில் அந்தப் பசை நன்றாகப் பிடிக்கும். மதிய வெயிலில் தரை காய்ந்து சூடேறினால் மேல்பூச்சு இளகி வழுக்கத் தொடங்கும். அதனால் ஒரே கார், ஒரே டயர், ஒரே ஓட்டுநர் என்றாலும் காலையும் மதியமும் வெவ்வேறு முடிவு.

ஓட்டம் முடிந்ததும் ஒரு சாளரத்தில் துண்டுச்சீட்டு தருவார்கள். பச்சை விளக்கு எரிந்ததிலிருந்து கார் அசைய எவ்வளவு நேரம் ஆனது, முதல் 60 அடி கடக்க எவ்வளவு, பிறகு 330, 660, 1000, 1320 அடி, கடைசியில் வேகம். புதிதாக வருகிறவர்கள் கடைசி வரியைத்தான் பார்க்கிறார்கள். அனுபவசாலிகளின் கண் முதலில் 60 அடிக்குப் போகிறது. அந்தப் பதினெட்டு மீட்டரில் எஞ்சினைவிட அதிகம் பேசுவது டயரும் சஸ்பென்ஷனும். அங்கே மிச்சம் பிடித்த ஒவ்வொரு நொடித்துளியும் கால் மைல் முடிவில் பெருகி நிற்கும்.

மரத்தடியில் வெள்ளை மஸ்டாங் ஒன்று நின்றிருந்தது. 2011 மாடல் ஜிடி, 5 லிட்டர் வி8, 412 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக். பின் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே என் இரண்டு விரல்கூட நுழையாது. நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு கை துடைத்துக்கொண்டே வந்தவர் அறுபதைத் தாண்டியவர், டீசல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கார் அவருடைய மகளுடையது. அந்தப் பெண் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வேலைக்குப் போய்வருவதும் இதே காரில்தான். இரண்டு வருடத்துக்கு முன் குட்டையான ஸ்பிரிங் போட்டு நாலு சென்டிமீட்டர் இறக்கியிருக்கிறாள்.

“மறுபடி உயர்த்திவிடு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இந்த உயரம்தான் பிடித்திருக்கிறது. அப்பாவிடம் அதை மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்” என்றாள். அழகுக்காக இறக்கினேன் என்று ஒளிவில்லாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தான் தினமும் ஏறி உட்காரும் கார் கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை.

அவளுடைய முதல் ஓட்டத்தைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். தண்ணீர் தெளித்த இடத்தில் டயரைச் சுழற்றிச் சுத்தம் செய்துகொண்டு கோட்டுக்கு வந்தாள். மஞ்சள் விளக்குகள் இறங்கின, பச்சை எரிந்தது. கார் கிளம்பிய அதே நொடியில் பின்பக்கம் தடதடவென்று துள்ள ஆரம்பித்தது. டயர் தரையைப் பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. அச்சு முழுவதும் தரையைச் சம்மட்டியால் அடிப்பதுபோல ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். துள்ளல் நின்றது. பிறகு மெல்ல அழுத்திப் போனாள். 60 அடி நேரம் 2.1 நொடி. இவ்வளவு சக்தியும் இவ்வளவு நல்ல டயரும் உள்ள காருக்கு அது மோசமான எண். நேரம் போவது ஒரு புறம் இருக்கட்டும், இந்தத் துள்ளல் தொடர்ந்தால் ஆக்ஸில் ஷாஃப்டே முறிந்துவிடும்.

தாழ்த்தினால் ஏன் பிடிமானம் போகிறது என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: காரின் ஈர்ப்பு மையம் கீழே வந்துவிடுகிறது, அதனால் கிளம்பும்போது எடை பின்னால் போவது குறைகிறது. உண்மைதான். எவ்வளவு குறைகிறது என்பதுதான் கேள்வி. ஆளோடு சேர்த்துக் காரின் எடை 1700 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர், முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.72 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் 80 சதவீத முடுக்கத்தில் கிளம்பினால் முன்னிருந்து பின்னுக்கு நகரும் சுமை 250 கிலோ. காரை 4 சென்டிமீட்டர் இறக்கினால் அது 230 கிலோ ஆகும். பின் சக்கரங்கள் ஏற்கெனவே சுமப்பது ஏறக்குறைய 780 கிலோ. ஆக, 1030 கிலோவுக்குப் பதில் 1010. இரண்டு சதவீத இழப்பு. இரண்டு சதவீதத்துக்காக ஒரு கார் இப்படித் துள்ளாது. குற்றவாளி வேறெங்கோ இருக்கிறான்.

அது எங்கே என்பதை அந்தப் பெரியவர் எனக்குக் காட்டினார். காரைச் சரிவுப் பலகைகள்மீது ஏற்றி நிறுத்தியிருந்தார். ஜாக்கி போட்டுத் தூக்கினால் சக்கரங்கள் தொங்கிவிடும். அந்த அளவு எதற்கும் உதவாது. எடை டயர்மீது இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். அடியில் படுத்தேன். அந்தத் தலைமுறை மஸ்டாங்கில் பின் அச்சு ஒரே துண்டு. அதை உடலோடு பிணைப்பவை மூன்று கைகள்: பக்கத்துக்கு ஒன்றாகக் கீழே இரண்டு, நடுவில் மேலே ஒன்று. பக்கவாட்டில் நகராமல் பிடிக்கத் தனியாக ஒரு குறுக்குக் கம்பி. எஞ்சினின் தள்ளு விசை முழுவதும் இந்த மூன்று கைகள் வழியாகத்தான் காருக்குப் போகிறது. கீழ்க் கையின்மீது காந்தம் வைத்த கோணமானியை ஒட்டினார். கம்பெனியிலிருந்து வந்தபோது ஏறக்குறைய தரைக்கு இணையாக இருந்த கை இப்போது முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் ஏறிக் கிடந்தது. காரணம் எளிது. உடல் இறங்கியது, அதோடு கையின் முன்முனையும் இறங்கியது. அச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அரை மீட்டருக்குக் கிட்டத்தட்ட நீளமுள்ள கையில் 4 சென்டிமீட்டர் என்றால் நாலரை டிகிரி.

அந்த நாலரை டிகிரியில்தான் எல்லாம் இருக்கிறது. காரைப் பக்கவாட்டில் பார்த்து, மேல் கையையும் கீழ்க் கையையும் கற்பனைக் கோடுகளாக முன்னால் நீட்டினால் அவை ஒரு புள்ளியில் சந்திக்கும். அச்சு காரை அந்தப் புள்ளியைப் பிடித்துத் தள்ளுவதாகவே எடுத்துக்கொள்ளலாம். புள்ளி மேலே இருந்தால் தள்ளு விசை காரின் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். அந்தத் தூக்கலின் எதிர்விசை டயரைத் தரையில் அழுத்தும். புள்ளி கீழே போய்விட்டால் கார் பின்னால் உட்கார்ந்துவிடும். முன்முனை தாழ்ந்த கீழ்க் கை அந்தப் புள்ளியைக் கீழே இழுத்துவிடுகிறது. டயருக்கு வர வேண்டிய அழுத்தம் தாமதமாக வருகிறது. அதற்குள் முறுக்கு விசை டயரை வழுக்கிவிடுகிறது. வழுக்கியதும் முறுக்கிக்கொண்ட அச்சு தளர்ந்து திரும்புகிறது. திரும்பிய வேகத்தில் மறுபடி பிடிக்கிறது. இதுதான் துள்ளல். கம்பெனி ரப்பர் புஷ்கள் பழசாகி இளகியிருந்தால் இது இன்னும் மோசமாகும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் குழம்பும் இடம் இது. கைகளின் கோணம் எதுவானாலும் சீராக முடுக்கும் காரில் பின்னால் நகரும் மொத்தச் சுமை மாறாது. அதைத் தீர்மானிப்பவை எடை, முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கர இடைவெளி ஆகியவைதான். கோணம் தீர்மானிப்பது அந்தச் சுமை எவ்வளவு வேகமாக டயருக்கு வந்து சேர்கிறது என்பதை. எடைபார்க்கும் மெஷின்மீது குந்தி உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் முள் ஒரு கணம் நம் எடையைத் தாண்டிப் போய், அடுத்த கணம் அதற்குக் கீழே இறங்கும் அல்லவா? காரின் பின்பக்கம் எழும்போது டயருக்கு நடப்பதும் அதுதான். அந்த முதல் கணத்து அழுத்தம் வேண்டும். அதன்பின் வரும் இறக்கம் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பந்தய மெக்கானிக்கின் வேலை முழுவதும் நடக்கிறது.

அவர் கொண்டுவந்திருந்தது கனத்த இரும்புத் தகடால் ஆன இரண்டு பிராக்கெட்டுகள். அச்சில் கீழ்க் கையின் பின்முனை மாட்டும் இடத்தில் இவற்றைப் போல்ட் போட்டு முடுக்கினால், கையை மாட்டப் பழைய இடத்துக்குக் கீழே மூன்று துளைகள் கிடைக்கும். உடலை உயர்த்தாமலே கையின் பின்முனையைக் கீழே கொண்டுவந்து கோணத்தைத் திரும்பப் பெறும் வழி. மேல் கையை வீட்டிலேயே மாற்றிவிட்டாராம். பின் சீட்டைக் கழற்றினால்தான் அதன் போல்ட்டுகளுக்குக் கை எட்டும் என்பதால் திடலில் செய்ய முடியாத வேலை. நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற மேல் கை அது. காரை இறக்கியதில் அச்சின் மூக்கு திரும்பிய கோணத்தை அதை வைத்துத்தான் சரிசெய்திருக்கிறார். அந்தக் கோணம் தவறினால் பந்தயத்தில் மட்டுமல்ல, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போதும் சீட்டுக்கடியில் ஓர் அதிர்வு விடாமல் வந்துகொண்டிருக்கும். குறுக்குக் கம்பியையும் மாற்றியிருந்தார். கார் இறங்கும்போது அந்தக் கம்பி அச்சைச் சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் தள்ளிவிடும். தாழ்ந்த ஃபெண்டரில் அகலமான டயர் உரச அந்தச் சில மில்லிமீட்டர் போதும்.

அவர் முடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து மரத்தடியில் இருந்த காரைப் போய்ப் பார்த்தேன். 1955 செவர்லே. முன்பக்கம் முழங்காலுக்கு மேல் தூக்கி நிற்கிற பழைய ‘கேஸர்’. முன் சஸ்பென்ஷனைக் கழற்றி எறிந்துவிட்டு, லாரிபோல நேரான அச்சு வைத்து மூக்கை உயர்த்தியிருந்தார்கள். அந்தக் காலத்தில் டிராக் பந்தயத்தின் நம்பிக்கையே உயரம்தான். 1959-இல் கிரைஸ்லரின் இளம் இன்ஜினியர்கள் சேர்ந்து நடத்திய ‘ராம்சார்ஜர்ஸ்’ குழு ஒரு 1949 பிளிமத் காரை எடுத்து, வேண்டுமென்றே வானத்துக்குத் தூக்கிக் கட்டி ஓட்டியது. ‘ஹை அண்ட் மைட்டி’ என்பது அதன் பெயர். விளையாட்டுக்குச் செய்ததல்ல. அன்றைய டயர்கள் அவ்வளவு மட்டம். கிடைக்கிற ஒவ்வொரு கிலோவையும் பின்னால் அனுப்ப ஈர்ப்பு மையத்தை உயர்த்துவது கணக்குப்படி சரியான வழி. 1965-இல் டாட்ஜ், பிளிமத் கார்களில் பின் அச்சை 15 அங்குலமும் முன் அச்சை 10 அங்குலமும் முன்னால் நகர்த்தினார்கள். அந்த விநோத உருவத்தைப் பார்த்துத்தான் ‘ஃபன்னி கார்’ என்ற பெயரே பிறந்தது.

டயர்கள் முன்னேறியதும் அதே கணக்கு தலைகீழானது. பிடிமானம் போதாமல் வழுக்கும் காருக்கு உயரம் உதவுகிறது. பிடிமானம் மிஞ்சி முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பும் காருக்கு அதே உயரம் தடை. எல்லா எடையும் பின்னால் வந்த பிறகு இன்னும் மூக்கு எழும்பினால் ஓட்டுநர் காலை எடுத்தாக வேண்டும், அல்லது பின்னால் நீட்டிய வீலி பார் தரையில் ஊன்றி டயரின் சுமையில் ஒரு பங்கைப் பறித்துக்கொள்ளும். இன்றைய டிராக் ரேடியல் டயர்களோடு ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் ஓடும் கார்களைத் தாழ்வாகக் கட்டுவதற்கு இது ஒரு காரணம். கால் மைல் முடிவில் காற்று காருக்கு அடியில் புகுந்து தூக்கக் கூடாது என்பது இன்னொன்று. ஆக, டிராக் கார் என்றால் உயரமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அறுபதுகளின் டயருக்குச் சொன்ன விதி. டயர் மாறிவிட்டது, விதியை மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கீழ்க் கைகளை அடித்துளையில் மாட்டி மகளை அனுப்பினார். துள்ளல் அறவே இல்லை. கார் கிளம்பும்போது பின்பக்கம் உட்காருவதற்குப் பதில் ஒரு விரற்கடை எழும்பியதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஆனால் ஐந்து மீட்டர் தாண்டியதும் டயர் ஒரு கணம் வழுக்கியது. துண்டுச்சீட்டில் 60 அடிக்கு 1.85 நொடி. நான் மகிழ்ச்சியோடு திரும்பினேன். பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். “முதல் அடி பலமாகப் பட்டுவிட்டது. ரேடியலுக்கு இவ்வளவு ஆகாது” என்றார். எடைமெஷினின் முள் இறங்கும் அந்தக் கணம்தான் அது. பழைய முறையில் கட்டிய ஸ்லிக் டயர் என்றால் பக்கச்சுவர் மடிந்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும். இந்தக் காரில் இருக்கும் ரேடியலின் பக்கச்சுவர் அவ்வளவு மடியாது. மெதுவாக, ஆனால் விடாமல் அழுத்தினால்தான் அதற்குப் பிடிக்கும்.

நடுத்துளைக்கு மாற்றினார். பின் ஷாக்கின் குமிழைத் திருகி, விரிவதைக் கடினமாக்கினார். உடல் எழும்பும் வேகம் அதனால் கட்டுப்படும். அடுத்து, பின் ஸ்பிரிங்குக்குள் வைத்திருந்த சின்னக் காற்றுப்பைகளில் வலதுபக்கத்துக்கு மட்டும் கூடுதலாகக் காற்று அடித்தார். ஒற்றை அச்சுக் கார்களில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முறுக்கு வலது பின் டயரைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். அதை முன்கூட்டியே சரிக்கட்டும் பழைய, மலிவான உபாயம் இந்தப் பை. டயரில் 18 பவுண்டு காற்று. முன்னால் ஆன்டி ரோல் பாரின் ஒரு முனையைக் கழற்றிவிட்டார். இந்த ஒரு காரியத்தைத் திடலில் மட்டும்தான் செய்ய வேண்டும். சாலைக்குப் போகுமுன் திரும்ப மாட்டியாக வேண்டும் என்று ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட்டார்.

இம்முறை சத்தமே வேறு. டயரிலிருந்து கீச்சொலி இல்லை, தடதடப்பு இல்லை. எஞ்சின் முழக்கம் மட்டும் ஒரே சீராக எங்களைக் கடந்து போனது. 1.72. மகள் துண்டுச்சீட்டை ஜன்னல் வழியே நீட்டியபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. கார் அதே உயரத்தில்தான் இருந்தது.

நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது முன்பக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. தாழ்த்தும் ஆசை கொண்டவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் அங்கே இருக்கிறது. முன்பக்கம் தாழ்ந்திருப்பது உண்மையில் டிராக் ஓட்டத்துக்குக் கெடுதல் அல்ல. தாழ்ந்து நிற்கும் மூக்குக்கு எழும்ப அதிக இடம் இருக்கிறது. ஷாக் முழுவதும் விரிந்து ‘டக்’கென்று முட்டுவதற்கு முன் எடை பின்னால் போய்ச் சேர்ந்துவிடும். கெடுப்பது குட்டையும் விறைப்புமான ஸ்பிரிங். அதை அழுத்தி வைத்திருப்பது சில சென்டிமீட்டர்தான். மூக்கு அவ்வளவு எழும்பியதும் ஸ்பிரிங்கின் உந்தல் தீர்ந்துவிடும். நீளமும் மென்மையும் உள்ள ஸ்பிரிங்கைப் பலமாக அழுத்தி அதே தாழ்ந்த உயரத்துக்குக் கொண்டுவந்தால், மூக்கு எழும்பும் தூரம் முழுவதும் அது தள்ளிக்கொண்டே இருக்கும். பார்க்க இரண்டு கார்களும் ஒரே உயரம். கிளம்பும்போது இரண்டும் இரு வேறு கார்கள். கடைக்காரர் ஸ்பிரிங் விற்கும்போது எவ்வளவு இறங்கும் என்பதைச் சொல்கிறார். வாங்குகிறவர் கேட்க வேண்டியது எவ்வளவு விறைப்பு என்பதையும்தான்.

முன் ஷாக்கும் இதோடு ஒத்துழைக்க வேண்டும். ‘தொண்ணூறு பத்து’ என்று இங்கே சொல்லும் ஷாக், தடுக்கும் வலிமையில் பத்தில் ஒன்பது பங்கை அமுங்குவதற்கு எதிராக வைத்துக்கொண்டு, விரிவதை ஏறக்குறையச் சும்மா விட்டுவிடும். மூக்கு சட்டென்று எழும், கியர் மாறும்போதும் சீக்கிரம் விழாது. அதை மாட்டிக்கொண்டு ஊர்ச்சாலையில் போனால் மேடுபள்ளத்தில் கார் மிதந்து அலையும். தினமும் வேலைக்குப் போகிற காருக்கு அது சரிப்படாது; குமிழ் திருகி மாற்றக்கூடிய ஷாக்தான் வழி. அதற்குச் செலவு அதிகம், ஆனால் தாழ்த்திய காரில் நான் முதலில் செலவழிப்பதென்றால் அதற்குத்தான் செலவழிப்பேன். வெறும் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, பழைய ஷாக்கை அப்படியே விடுவது மிகவும் பரவலாக நடக்கும் வேலை, மிகவும் பிழையான வேலையும்கூட. அமுங்க இடம் குறைந்துபோன ஷாக் ரப்பர் முட்டில் போய் இடிக்கும். இடிக்கும் அந்தக் கணத்தில் ஸ்பிரிங் என்ற ஒன்றே காரில் இல்லாததுபோல ஆகிவிடும், டயர் அதிர்ந்து பிடியை விடும். அந்த ரப்பரை அறுத்துச் சின்னதாக்குகிறவர்களும் உண்டு. அதை அறுத்தால் இடிப்பது ரப்பருக்குப் பதில் இரும்பு.

பேச்சு முடியும்போது வெயில் ஏறி, தரை இளகத் தொடங்கியிருந்தது. இனி ஓட்டினால் 1.72 வராது என்று அப்பாவும் மகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் மறுபடி காருக்கு அடியில் புகுந்து கீழ்க் கைகளை நடுத்துளையிலிருந்து மேல்துளைக்கு மாற்றினார். எதற்கு என்று கேட்டேன். கிளம்பும்போது டயரை அழுத்துகிற அதே கோணம், பலமாகப் பிரேக் அடிக்கும்போது அச்சைத் தூக்கித் துள்ள வைக்குமாம். வீட்டுக்குப் போகிற வழி முழுக்க மேடும் வளைவுமான கிராமத்துச் சாலை. பின் ஷாக்கின் குமிழைத் தளர்த்தினார், டயரில் 32 பவுண்டு காற்று ஏற்றினார், ஆன்டி ரோல் பாரை மாட்டி முடுக்கிய பிறகு ஸ்டியரிங்கிலிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்தார்.

“முன் ஸ்பிரிங்கை எப்போது மாற்றப் போகிறீர்கள்?” என்று மகளிடம் கேட்டேன்.

“அடுத்த மாதச் சம்பளத்தில். நீளமானது, மென்மையானது, கீழ்த்தட்டைத் திருகி உயரம் மாற்றக்கூடியது” என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். “உயரம் இதேதான்” என்றார் அவர், கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே. “வந்ததும் முதலில் சக்கரக் கோணம் பார்க்க வேண்டும். மூக்கு எழும்பும்போது முன்சக்கரம் தானாகத் திரும்புகிறதா என்று பார்க்காமல் இவளை நான் கோட்டுக்கு அனுப்ப மாட்டேன்.”